பறக்கும் மண்தட்டும் பீகானேர் மன்னரும்



தலைநகராம் டில்லியில் வாழும் தமிழன்பர்களில் துக்ளகாபாத் கோட்டையைப் பாராதவர் சிலரே இருப்பர். ஊரிலிருந்து உறவினர் வந்தால் அவர்களைக் குதுப் மினாருக்கு அழைத்துச் செல்வது நம்மவர் வழக்கம். பொழுது மிஞ்சினால் துக்ளகாபாத்துக்கும் போவதுண்டு. இடிந்து கிடக்கும் அந்தக் கோட்டைக்கு அண்மையிலே பெரியதொரு சுடுதளம் இருக்கிறது. 1982ஆம் ஆண்டில் டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றபோது அமைக்கப்பட்டது அது. 2010ஆம் ஆண்டின் காமன்வெல்த் போட்டிகளுக்காக அதைப் புதுப்பித்தார்கள். டாக்டர் கர்ணி சிங் சுடுதளம் என்பது அதன் பெயர். டாக்டர் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் ஒரு மருத்துவர் என்று எண்ணுவோர் உண்டு. அவர் மருத்துவரல்லர், பீகானேர் சமஸ்தானத்தின் மன்னர் குடும்பத்துக்குத் தலைவராயிருந்தவர். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் வரலாறு ஆராய்ந்து, தம் முன்னோருக்கும் மத்திய அரசுகளுக்கும் இருந்த உறவுகளைப் பற்றி நூலெழுதிப் பட்டம் பெற்றவர். ஆயினும் சுடுதளத்துக்கு அவர் பெயரை வைத்ததற்கு அரச பதவியோ கல்வியோ காரணமன்று. பறக்கும் மண்தட்டைச் சுட்டு வீழ்த்தும் ஆட்டத்திலே இந்தியாவின் பெயரை உலகுக்கு அறிமுகம் செய்தவர் அவர் என்பதே காரணம். அவருடைய வாழ்க்கையைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

முதலில் அந்த ஆட்டம் இன்னதென்று சொல்லிவிட வேண்டும். கிரிக்கெட்டைப் பற்றியோ ஹாக்கியைப் பற்றியோ பேசுகிறவனுக்கு இந்தத் தொல்லை இல்லை.

சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் செல்வர்கள் புறாக்களைப் பெட்டிகளில் அடைத்து, கயிற்றை இழுத்துத் திறந்துவிட்டு, அவை பறந்தெழும்போது சுட்டுப் பந்தயம் கட்டி வந்தார்கள். 1900ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து ஒலிம்பிக் விழாவின்போதுகூட உயிருள்ள புறாக்களைச் சுட்டார்கள் என்பது இன்று கேட்பதற்கே அருவருப்பாக இருக்கிறது. புறாவுக்குப் பதிலாகக் கண்ணாடி உருண்டைகளை எறிந்து பார்த்தார்கள். உடைந்த சில்லுகள் தரையெங்கும் சிதறின. பின்னர் 1880ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்தைச் சேர்ந்த ஜார்ஜ் லிகோவ்ஸ்கி என்பவர் சுட்ட களிமண்ணால் ஒரு தட்டைச் செய்து, அதை வீசுவதற்கு ஒரு பொறியையும் அமைத்தார். சிறுவர் சிலர் நீர்ப்பரப்பின்மேல் சிப்பிகளை வீசித் தத்தித் தத்திச் செல்லவிட்டதைக் கண்டே அவருக்கு இந்த எண்ணம் உதித்ததென்று சொல்லுவார்கள். நம் ஊர்க் குளக்கரையிலே ஓட்டாஞ்சில்லை எறிந்து விளையாடாதவர் யார்? அதிலிருந்து எவருக்கும் இப்படியொரு யோசனை தோன்றவில்லை, அவ்வளவுதான்.

லிகோவ்ஸ்கியின் மண்தட்டு மிகவும் கெட்டியாக இருந்தது. ரவை பட்டும் சில வேளைகளில் உடையாமற் போயிற்று. ஆகையால் களிமண்ணைக் கைவிட்டுச் சுண்ணாம்புக்கல் மாவையும் கீலையும் கலந்து வார்க்கலானார்கள். இன்று அதில் மண் கிடையாது, புறாவும் கிடையாது. ஆனாலும் மண்புறா என்ற பெயர் நிலைத்துவிட்டது. புறாவை அடைத்த பெட்டிக்கு ஆங்கிலத்தில் வழங்கிய 'டிராப்' என்னும் சொல்லே இந்த ஆட்டத்துக்கும் பெயராக நின்றுவிட்டது.

தட்டின் குறுக்களவு 11 சென்டிமீட்டர். எடை ஏறக்குறைய 105 கிராம். நம் வீட்டுக் காப்பி டபராவின் வாயளவு என்று வைத்துக்கொள்ளலாம். தரையைத் தோண்டி அமைத்த நீண்ட பதுங்குகுழியில் பதினைந்து பொறிகள் இருக்கும். அவற்றுக்குப் பின்னால் 15 மீட்டர் தொலைவில் ஐந்து நிலைகள். சுடுபவர் ஒவ்வொரு நிலைக்கும் மாறிமாறிச் செல்ல வேண்டும். துப்பாக்கியைத் தோளிலே சேர்த்து, கன்னத்தைக் கட்டையிலே பதித்து, உரக்க ஒரு குரல் கொடுத்தால், அவருக்கு முன்னுள்ள மூன்று பொறிகளில் ஏதோ ஒன்றிலிருந்து தட்டு சீறிப் பாயும். எந்தப் பொறி, இடமா, வலமா, நேரா, உயரமா, தாழ்வா என்பது முன்கூட்டித் தெரியாது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் அது அவரை விட்டு விலகி ஓடுகிறது. ஒரு வினாடிகூட ஆகுமுன் சுட்டுவிடவேண்டும். தாமதித்தால் ரவைக் கூட்டம் விரிந்து வலிமை குன்றிவிடும். தட்டு இருக்கும் இடத்தைப் பார்த்துச் சுட்டாலும் பயனில்லை. ரவை சென்று சேருவதற்குள் அது நகர்ந்துவிடும். அது செல்லவிருக்கும் இடத்தை நோக்கிக் குழலை வீசியவாறே விசையை அழுத்த வேண்டும். முதல் வேட்டு தவறினால் இரட்டைக் குழல் துப்பாக்கியின் இரண்டாம் வேட்டுக்கு இடமுண்டு. இருபத்தைந்து தட்டு கொண்டது ஒரு சுற்று.

துப்பாக்கி என்றவுடன் நாம் இமைகொட்டாது நின்று வட்டத்தின் நடுப்புள்ளியைத் துளைக்கும் ஆட்டத்தையே நினைக்கிறோம். அங்கே மூச்சை அடக்கி, உடம்பைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டும். இங்கே உடம்பு ஆட வேண்டும், கண்கள் இரண்டும் திறந்திருக்க வேண்டும், எண்ணம் குறுக்கிடலாகாது. எண்ணினால் கை தாமதிக்கும். அதே வேளையில், ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையில், அணியிலுள்ள மற்ற ஐவரும் சுட்டு முடிக்கும்வரை சும்மா நிற்க வேண்டியிருக்கிறது. எண்ணத்துக்கு வேண்டிய அவகாசம் அப்போது தாராளமாகக் கிடைக்கிறது. ஆட்டக்காரரைக் கெடுப்பது பெரும்பாலும் அந்த இடைவேளைதான்.

இனிக் கர்ணி சிங்கின் வரலாற்றுக்கு வருவோம்.

அவர் பிறந்தது 1924ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 21ஆம் நாள். தேஷ்னோக் என்னும் ஊரில் எலிகள் தாராளமாய் உலவும் கோயிலொன்று இருப்பதை வடநாட்டில் வாழும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே எழுந்தருளியுள்ள கர்ணி மாதா பீகானேர் அரச குடும்பத்தின் காவல் தெய்வம். அந்தப் பெயரே குழந்தைக்கும் இடப்பட்டது. பாட்டனார் கங்கா சிங் மகாராஜா, பாலைவனத்துக்குக் கால்வாய் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்த புகழுடையவர். தந்தையார் சாதுல் சிங், 1947இல் இந்திய ஒன்றியத்தில் சேர முன்வந்த மன்னர்களுள் முன்வரிசையில் நின்றவர்.

பீகானேருக்கு அருகே கஜ்னேர் என்னும் இடத்தில் ஓர் ஏரி உண்டு. குளிர்காலந்தோறும் மத்திய ஆசியாவிலிருந்து கல்கௌதாரிப் பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்து, காலை வேளையில் அந்த ஏரியிலே நீர் அருந்தும். கங்கா சிங்கின் காலத்தில் வைசிராய்களும் பிற மன்னர்களும் அங்கே விருந்தினராக வந்து அப்பறவைகளைச் சுட்டு வீழ்த்தியது இந்தியா முழுவதும் பேசப்பட்டது. கல்கௌதாரி மிக விரைந்து பறக்கும் பறவை. அதைச் சுடப் பழகிய கைக்கு வேறு பறக்கும் குறி எதுவும் புதிதன்று. அத்தகைய சூழலிலே வளர்ந்தவர் கர்ணி சிங். கஜ்னேர் இன்று வனவிலங்குச் சரணாலயமாகிவிட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குக் கடும் தடை விதித்தது. பறவையிடமிருந்து மண்தட்டுக்கு மாறிய அந்தத் தலைமுறையின் மாற்றத்தை அவரது வாழ்க்கையிலும் காண்கிறோம்.

வேட்டைக்கும் இந்த ஆட்டத்துக்கும் பெரிய வேறுபாடு ஒன்று இருக்கிறது. வேட்டையில் தவறவிட்ட பறவையைக் கணக்கில் வைப்பார் இல்லை. மகாராஜாவின் குறி தப்பினால் உடனிருப்போர் காற்றைக் குறை கூறுவர். வெயிலைக் குறை கூறுவர். சுடுதளத்திலோ நடுவர் உரக்க அறிவிப்பார். எழுதுபவர் பெயருக்கு நேரே ஒரு சுழியம் போடுவார். பக்கத்தில் நிற்பவர் மன்னரா, உழவரா என்று தட்டுக்குத் தெரியாது. பிறப்பினால் கிடைத்த மரியாதை எதுவும் செல்லாத ஓரிடத்துக்குத் தாமாகவே சென்று நின்றார் என்பதுதான் இந்த மனிதரிடம் எனக்குள்ள மதிப்புக்கு முதற்காரணம்.

1950ஆம் ஆண்டில் தந்தையார் மறைந்தார். சமஸ்தானம் அதற்கு முந்திய ஆண்டே ராஜஸ்தானத்தோடு இணைந்துவிட்டதனால் கர்ணி சிங்குக்குக் கிடைத்தது பட்டப்பெயர்தான். ஆள்வதற்கு நாடு இல்லை. அவர் 1952இல் நடந்த முதற் பொதுத்தேர்தலில் சுயேச்சையாக நின்று மக்களவைக்குச் சென்றார். 1977 வரை தொடர்ந்து பீகானேர்த் தொகுதியின் உறுப்பினராக விளங்கினார். இதற்கிடையில், 1951ஆம் ஆண்டில், மக்களவையின் முதல் சபாநாயகராக விளங்கிய மாவ்லங்கரின் முயற்சியால் இந்தியத் தேசிய ரைபிள் சங்கம் தோன்றி, நாடளாவிய போட்டிகள் நடக்கத் தொடங்கின. அப்போட்டிகளில் கர்ணி சிங் பதினேழு முறை தேசிய வெற்றி வீரரானார். அர்ஜுனா விருது 1961இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது துப்பாக்கி சுடுதலுக்காக அதைப் பெற்றவர் அவரே.

உள்நாட்டு வெற்றியை வைத்து எவரையும் அளக்கவேண்டாம் என்பேன். அன்று நம் நாட்டில் இந்த ஆட்டம் ஆடியவர்கள் மிகச் சிலர். சுட்ட தோட்டா திரும்பி வராது. உடைந்த தட்டும் திரும்பி வராது. ஒரு சுற்றுக்கு இருபத்தைந்து தோட்டாவுக்குக் குறையாமல் வேண்டும். பயிற்சி என்றால் நாளொன்றுக்குப் பல சுற்று. நல்ல துப்பாக்கியும் வெளிநாட்டிலிருந்து வந்தாக வேண்டும். ஓர் ஆசிரியரின் மகனோ ரயில்வே குமாஸ்தாவின் மகனோ எண்ணிப் பார்க்கக்கூடிய ஆட்டமாக அது இருக்கவில்லை. அரண்மனை வாசம் அவருக்குப் பெரிய வசதியைத் தந்தது என்பதை மறைப்பதில் பயனில்லை. உலக அரங்கில் அந்த வசதி எவ்வளவு தூரம் உதவிற்று என்பதையே பார்க்க வேண்டும்.

1960இல் ரோமாபுரி ஒலிம்பிக். கர்ணி சிங்குக்கு அப்போது வயது 36. அது அவருக்கு முதல் ஒலிம்பிக். எட்டாம் இடம் பெற்றார். ருமேனியாவின் இயான் துமித்ரெஸ்கு 200 தட்டுகளுக்கு 192 உடைத்துத் தங்கப் பதக்கம் பெற்றார்.

இரண்டாண்டுகள் கழித்து, 1962இல், எகிப்து நாட்டின் கெய்ரோ நகரத்தில் 38ஆவது உலகத் துப்பாக்கி சுடும் போட்டி நடந்தது. பாலைவனத்தின் வெளிச்சத்திலே வளர்ந்த கண்களுக்கு அந்த ஊரின் வெயில் புதிதாயிருந்திராது என்று நினைக்கிறேன். ஐரோப்பிய நாடுகளின் கைதேர்ந்த வீரர்கள் அனைவரும் திரண்டிருந்த அந்த அரங்கில், கடைசித் தட்டு உடைந்தபோது, முதலிடத்தில் சமமாக நின்றவர்களுள் ஒருவர் கர்ணி சிங். உலக வெற்றி வீரர் என்னும் பட்டத்துக்கும் அவருக்கும் இடையே இருந்தது, சமநிலையை முறிப்பதற்கான சுடுதல் மட்டுமே. அதிலே சோவியத் நாட்டின் வில்லியம் ஜிமென்கோ வென்றார். கர்ணி சிங்குக்கு வெள்ளிப் பதக்கம்.

இதைத் தோல்வி என்பதா, வெற்றி என்பதா? நூற்றுக்கணக்கான தட்டுகளைச் சுட்டு முடித்துக் களைத்த பின்னர் மீண்டும் நின்று சுட்டு, நூலிழையில் உலகப் பட்டத்தை இழந்தவர், பிறகு கணக்குப் பார்க்காதிருக்க முடியுமா என்று தோன்றுகிறது. முதல் நாள் கவனக்குறைவாகத் தவறவிட்ட ஒரே ஒரு தட்டு உடைந்திருந்தால் மறுபடி சுட வேண்டிய தேவையே எழுந்திராது. இந்த ஆட்டத்தின் கொடுமை அதுதான். கால்பந்தாட்டத்தில் முதற்பாதியில் செய்த பிழையைப் பிற்பாதியில் ஈடு செய்துவிடலாம். இங்கே போன தட்டு போனதுதான். இருநூற்றில் ஒன்று குறைந்தால் 199க்கு மேல் எப்படியும் ஏற முடியாது.

அதன்பின் ஒலிம்பிக் போட்டிகளில் நடந்ததைக் கேளுங்கள். 1964இல் டோக்கியோவில் இத்தாலியின் மத்தரெல்லி 198 உடைத்து வென்றார். 1968இல் மெக்சிகோவில் ஆங்கில நாட்டுக் கால்நடை மருத்துவர் பாப் பிரெய்த்வெயிட்டும் 198. முதல் பதின்மூன்று தட்டுகளுக்குள் இரண்டைத் தவறவிட்ட அவர், எஞ்சிய 187 தட்டுகளில் ஒன்றைக்கூட விடவில்லை. 1972இல் மியூனிக்கில் இத்தாலியின் ஸ்கால்சோனே 199. ரோமாபுரியில் 192 போதுமாயிருந்த தங்கப் பதக்கத்துக்குப் பன்னிரண்டே ஆண்டுகளில் 199 வேண்டியதாயிற்று. உலகத்தின் தரம் ஏறிக்கொண்டே போனது. கர்ணி சிங்கின் வயதும் ஏறிக்கொண்டே போனது. டோக்கியோவில் அவர் பின்தங்கினார். மெக்சிகோவில், 44ஆம் வயதில், மீண்டெழுந்து பத்தாம் இடத்துக்கு வந்தார். மியூனிக்கில் மறுபடியும் வெகுவாகப் பின்தங்கினார். 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் கடைசி முறையாகக் கலந்துகொண்டபோது அவருக்கு வயது 56. ஐந்து ஒலிம்பிக் விழாக்களில் போட்டியிட்ட முதல் இந்தியர் அவர். பதக்கம் ஒன்றுகூட இல்லை.

அரசர்களுக்குரிய மானியம் 1971இன் இறுதியில் நின்றது. 1977க்குப் பின் நாடாளுமன்றப் பதவியும் இல்லை. ஒதுங்கி வாழ எல்லா நியாயமும் அவருக்கு இருந்தது. புதிய இளைஞர்களோடு வரிசையில் நின்று, தோற்கக்கூடும் என்று தெரிந்தே, குரல் கொடுத்துத் தட்டை எழுப்பும் மனம் எத்தனை பேருக்கு வரும்? இடம் இளைஞருக்கு விட்டுக்கொடுக்கப்பட வேண்டியது என்று வாதிடுவாரும் உண்டு. அந்த வாதத்துக்கு விடையாக ஆசியப் போட்டிகளைக் காட்டலாம். 1971இல் சியோல் நகரத்து ஆசியத் துப்பாக்கி சுடும் போட்டியில், 47ஆம் வயதில், தங்கப் பதக்கம் பெற்றார். 1974இல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டில், ஐம்பது நிறைந்தபின், வெள்ளிப் பதக்கம். 1982இல் டில்லியிலே, ரந்தீர் சிங், குர்பீர் சிங் சந்து ஆகியோருடன் சேர்ந்து அணிப் போட்டியில் வெள்ளி பெற்றபோது வயது 58. இளைஞர்கள் அவரை வெளியேற்றவில்லை; அவரோடு சேர்ந்தே சுட்டார்கள். அவர்களுள் ரந்தீர் சிங் 1978இல் பாங்காக்கில் ஆசிய விளையாட்டின் தங்கப் பதக்கத்தையே பெற்றிருந்தார்.

வீட்டிலும் ஒரு மாணவி உருவானார். மகள் ராஜ்யஸ்ரீ குமாரி தந்தையாரிடம் துப்பாக்கி பழகி, 1968ஆம் ஆண்டின் அர்ஜுனா விருதைப் பெற்றார். அப்போது அவருக்குப் பதினைந்து வயதளவே இருக்கும். பெண்கள் துப்பாக்கி ஏந்துவது செய்தியாக இருந்த நாட்கள் அவை.

தம்முடைய ஒலிம்பிக் அனுபவங்களைக் கர்ணி சிங் 'ரோமிலிருந்து மாஸ்கோ வரை' என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் எழுதி வைத்தார். பதக்கம் பெறாதவர் எழுதிய ஒலிம்பிக் நூல் என்பதே அதைத் தேடிப் படிக்கப் போதிய காரணம். அவர் 1988ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் காலமானார்.

கெய்ரோவில் கைக்கெட்டி நழுவிய உலகப் பட்டம் இந்தியாவுக்கு வர நாற்பத்து நான்கு ஆண்டுகள் ஆயின. 2006இல் குரோவேஷிய நாட்டின் ஜாக்ரெப் நகரத்தில் டிராப் ஆட்டத்தின் உலக வெற்றி வீரரானவர் மானவ்ஜித் சிங் சந்து. டில்லியில் கர்ணி சிங்கோடு ஓரணியில் நின்ற குர்பீர் சிங்கின் மகன் அவர். அதற்கு முன்பே, 2004ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17ஆம் நாள், ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ராணுவ அதிகாரி ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் இரட்டை டிராப் ஆட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். அந்த ஆட்டத்தில் இரண்டு தட்டுகள் ஒரே வேளையில் பறக்கும். விடுதலை பெற்ற இந்தியாவுக்குத் தனிநபர் ஒருவர் ஈட்டித் தந்த முதல் ஒலிம்பிக் வெள்ளி அதுவே. அவர் அரண்மனையில் வளர்ந்தவரல்லர். ராணுவ வீரரின் மகன். 2016ஆம் ஆண்டு ரியோ போட்டிகளுக்குப் பின் இரட்டை டிராப் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. இன்று டிராப்பும் ஸ்கீட்டும் எஞ்சியிருக்கின்றன.

தமிழர்களுக்கு இதில் பங்கில்லையோ என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. புதுக்கோட்டைச் சமஸ்தானத்தை 1948ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தோடு இணைத்துக் கொடுத்த தொண்டைமான் குடும்பத்தில் வந்த பிருத்விராஜ் தொண்டைமான், பீகானேர் மன்னரைப் போலவே டிராப் ஆட்டத்தைத் தேர்ந்துகொண்டார். 2023ஆம் ஆண்டில் சீனாவின் ஹாங்சோ நகரத்தில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் கைனான் செனாய், ஜோராவர் சிங் சந்து ஆகியோருடன் அவர் சேர்ந்து சுட்ட இந்திய அணி தங்கப் பதக்கம் வென்றது. மூவரும் தலைக்கு 125 தட்டுகள் சுட்டு, மொத்தம் 375இல் 361 உடைத்தார்கள், தவறியவை பதினான்கே. மறு ஆண்டு, 2024இல், பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் டிராப் ஆட்டத்துக்கு நின்றவரும் அந்தப் புதுக்கோட்டைக்காரர்தான்.